உசிலை, புங்கன், ஒதியன்: கல்யாணச் சமையலுக்கு எது ஆகும்?

கேள்வி (குடியாத்தம் பக்கம்)
சித்திரைக் காற்றில் எங்கள் கிணற்றடியில் ஓர் உசிலை, ஒரு புங்கன், ஓர் ஒதியன் சாய்ந்துவிட்டன. ஆவணியில் தங்கை கல்யாணம். 300 பேருக்குப் பிரியாணி, விறகு எங்கள் பொறுப்பு. சவுக்கு, சீமைக்கருவேலம் தவிர வேறு எதுவும் வேண்டாம் என்கிறார் மாஸ்டர். விறகுக் கடைக்காரர் மூன்றையும் கலப்புக் கட்டை என்று பாதி விலைக்குக் கேட்கிறார். உசிலை தாத்தா வைத்த மரம், அதன் இலையில்தான் அம்மா அரப்புத் தூள் இடிப்பார். அப்படித் தள்ளிவிட மனசு வரவில்லை. வேலியில் வெட்டிய அரளியும் கொஞ்சம் கிடக்கிறது. எதை வைத்துக்கொள்ளலாம்?

பதில் (அணைக்கட்டு)
தம்பி, முதலில் அரளியை ஒதுக்கிவிடுங்கள். வேர் முதல் பூ வரை விஷம். அடுப்புப் பக்கமே வரக் கூடாது.

மற்றபடி, நன்றாகக் காய்ந்துவிட்டால் எந்த மரமானாலும் ஒரு கிலோவுக்குச் சூடு ஏறக்குறைய ஒன்றுதான், 4000 முதல் 4500 கிலோ கலோரி. வித்தியாசம் கனத்திலும் ஈரத்திலும் இருக்கிறது. ஒரு கிலோ தண்ணீரை ஆவியாக்கவே 600 கிலோ கலோரிக்கு மேல் போய்விடும். அதனால் பச்சைக் கட்டையை வைத்து மரம் நல்லதா கெட்டதா என்று முடிவு செய்யாதீர்கள். மூன்றிலும் ஒரே அளவுத் துண்டு அறுத்து, இன்றைய எடையைக் கட்டை மேலேயே எழுதி வெயிலில் போடுங்கள். எடை இறங்குவது நின்றதும் ஒப்பிட்டுப் பாருங்கள். உசிலை நல்ல கனம், கருவேலத்துக்குப் பக்கத்தில் நிற்கும். புங்கனும் நல்ல விறகுதான். ஒதி பெருத்தாலும் உத்திரத்துக்கு ஆகாது என்பார்கள், அடுப்பிலும் அது சீக்கிரம் சாம்பலாகிவிடும்.

இப்போதே பிளந்துவிடுங்கள். காய்ந்தால் உசிலை கோடாலிக்கு மசியாது.

பதில் (ஆம்பூர்)
நான் பிரியாணி அடுப்பில் நிற்பவன். மாஸ்டர் பயப்படுவது புகைக்கும் தம்முக்கும். தம் போட மூடி மேல் கங்கு வேண்டும், அது நின்று கனிய வேண்டும். ஒதியனில் கங்கு நிற்காது. உசிலையில் ஒரு கட்டை எரித்து அவருக்குக் காட்டுங்கள் அண்ணா, அப்புறம் அவரே கேட்பார். இரண்டு கட்டையைத் தட்டிப் பாருங்கள். ‘டங்’ என்றால் காய்ந்தது, ‘தொப்’ என்றால் இன்னும் ஈரம்.

கேட்டவர், ஆடி மாதம்
அணைக்கட்டு அண்ணன் சொன்னபடி செய்தேன். உசிலைத் துண்டு 3.2 கிலோவிலிருந்து 2.4-க்கு வந்து நின்றது. புங்கன் 2.9-லிருந்து 1.9. ஒதியன் 2.6-லிருந்து 1.4. ஒரே அளவு கட்டையில் உசிலைக்கும் ஒதியனுக்கும் ஒரு கிலோ வித்தியாசம்!

மாஸ்டரை வரவழைத்து உசிலையை எரித்துக் காட்டினோம். கங்கைக் கிளறிப் பார்த்துவிட்டு, “இது போதும், சவுக்கு வாங்காதீங்க” என்றார். அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. உசிலை தம்முக்கு, புங்கன் உலை கொதிக்க. ஒதியனைச் சிராய் சிராயாகப் பிளந்து பற்றவைக்க வைத்திருக்கிறோம். கடைக்காரருக்கு எதுவும் கொடுக்கவில்லை. மழைக்கு முன் எல்லாவற்றையும் மாட்டுக்கொட்டகைக்குள், தரையில் படாமல் செங்கல் மேல் அடுக்கிவிட்டோம்.