கேலிச்சித்திரப் பாடம்: மிகைப்படுத்தல் முகத்திலேயே நின்றுவிடுகிறது

உயர்நிலை 3 வரலாறு. 1942 பிப்ரவரி 15, சிங்கப்பூர் வீழ்ச்சி. அதை அரசியல் கேலிச்சித்திரமாக வரைய மாணவர்களிடம் சொன்னால் ஜப்பானியப் பிரதமர் தோஜோவுக்குத் துருத்திய பற்கள் வந்துவிடுகின்றன. வட்டக் கண்ணாடி அவர் போட்டதுதான். பற்கள் அன்றைய அமெரிக்கச் சுவரொட்டிகளின் இனக்கேலி. சரணடைந்த பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் என்றால் கடலைப் பார்த்த பீரங்கி. சிங்கப்பூரின் கரையோரப் பீரங்கிகளில் பல நிலப்பக்கமும் திரும்பும், கப்பலைத் துளைக்கும் குண்டுகளே மிகுதியாக இருந்ததுதான் குறை என்று விளக்கியும் படம் மாறவில்லை.

செய்து பார்த்தவை: போலந்தின் மேல் ஹிட்லரும் ஸ்டாலினும் சந்திக்கும், கேலிச்சித்திரக் கலைஞர் டேவிட் லோவின் 1939 சித்திரத்தை, வசனத்தைத் தாளால் மறைத்துக் காட்டினேன். தொப்பியைத் தூக்கிக் குனிந்து வணங்குவதைப் பார்த்து "நண்பர்கள்" என்றார்கள். வசனத்தைத் திறந்ததும் ஒருவரையொருவர் வசைபாடுவது தெரிந்து சிரித்தார்கள், கீழே கிடக்கும் உடலையும் கவனித்தார்கள். வாசிப்பதில் சிக்கலே இல்லை. அந்தப் புரிதல் சொந்தப் படத்துக்குத்தான் வரமாட்டேன் என்கிறது.

புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்து அம்சங்களைக் குறிக்கச் சொன்னேன்: மூக்கும் மீசையும்தான். முகத்தை மிகைப்படுத்தக் கூடாது என்றதும் எல்லாம் குச்சி மனிதர்கள், கையில் கொடி!

50 நிமிட வகுப்பு, நால்வர் குழு, ஏ3 தாள், மார்க்கர் பேனா. கைக்கணினி இல்லை. பாதிப் பேருக்கு வரையவே தயக்கம்.

மிகைப்படுத்தலை முகத்திலிருந்து உடல்நிலை, உருவ அளவு, கையிலுள்ள பொருள் பக்கம் திருப்ப, வரையத் தொடங்கும் முன் 10 நிமிடத்தில் செய்யக்கூடிய எந்தப் பயிற்சி உங்கள் வகுப்பில் பலித்தது?