பழ ஈக் கட்டுப்பாட்டு எல்லைக்குள் எங்கள் காய்கறிக் கடை: இருப்பை விற்கலாமா?

கேட்பவர் (நியூசிலாந்தின் ஆக்லாந்து, வந்து 3 மாதம்)
அனைவருக்கும் வணக்கம். பாப்பாடோயிடோயில் மாமாவின் காய்கறிக் கடையைக் கவனித்துக்கொள்கிறேன். அவர் ஊருக்குச் சென்றிருக்கும் இந்த நேரத்தில், அருகில் வைத்த பொறியில் ஓர் ஆண் பழ ஈ சிக்கியதாகக் கூறி அதிகாரிகள் பழம், காய்களை வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடுள்ள எல்லையைக் காட்டும் வரைபடம் ஒன்றைக் கொடுத்துச் சென்றார்கள். மாம்பழம், தக்காளி, கத்தரிக்காய் எல்லாம் பெட்டி பெட்டியாக இருக்கின்றன. விற்கலாமா, கொட்டிவிட வேண்டுமா? இரவு முழுவதும் உறக்கம் இல்லை.

முதல் மறுமொழி
தம்பி, எதையும் விற்காதீர்கள். நான் வந்திறங்கிய அன்றே, கைப்பையில் மறந்து வைத்திருந்த ஓர் ஆப்பிளுக்காக விமான நிலையத்தில் 400 டாலர் தண்டம் கட்டினேன். கையிலிருந்த பணத்தில் பாதி அதிலேயே போய்விட, முதல் நான்கு மாதங்கள் ஒருவருடைய கார் கொட்டகையில் படுத்து, ரொட்டியும் ஊறுகாயும் தின்று காலம் தள்ளினேன். இந்த நாட்டில் பழத்தோடு விளையாடக் கூடாது.

இரண்டாம் மறுமொழி
தேவையில்லாமல் பயமுறுத்தாதீர்கள். தடை வீட்டுத் தோட்டத்துப் பழங்களுக்குத்தான். கடைச் சரக்குக்கு எந்தக் கட்டுப்பாடும் கிடையாது.

மூன்றாம் மறுமொழி
ஒரே ஓர் ஈக்கு இத்தனை ஆர்ப்பாட்டமா? குளிர்காலத்தில் தக்காளி விலை ஏறும்போது வரைபடத்தோடு ஓடி வர ஒருவரையும் காணோம்.

நான்காம் மறுமொழி
ஈ பழத்தோலுக்கு அடியில் முட்டையிடுகிறது. புழு உள்ளிருந்தே தின்று, பின் மண்ணில் இறங்கிக் கூட்டுப்புழுவாகிறது. வெளியே பார்த்தால் பழம் நன்றாகவே இருக்கும். 2015 பிப்ரவரியில் இதே ஆக்லாந்தின் கிரே லின் பகுதியில் குவீன்ஸ்லாந்து பழ ஈ தென்பட்டபோது, அது ஒழிந்தது என்று அறிவிக்க டிசம்பர் ஆகிவிட்டது. பழ ஏற்றுமதியை நம்பியிருக்கும் நாடு வேறு என்ன செய்யும்?

கடைச் சரக்குக்குக் கட்டுப்பாடே கிடையாது என்பது சரியல்ல. தம்பி, முக்கியமானதைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள்: கடை ஏ மண்டலத்திலா, பி மண்டலத்திலா? ஈ அகப்பட்ட இடத்தைச் சுற்றி 200 மீட்டர் வரை ஏ. 1,500 மீட்டர் வரை பி. பி மண்டலத்தில், எல்லைக்கு வெளியிலிருந்து மொத்த வியாபாரியிடம் வாங்கிய சரக்கை விற்கலாம், வாங்குபவர் எல்லைக்கு வெளியே கொண்டுபோகவும் செய்யலாம். அங்கேயே விளைந்தது வெளியேறக் கூடாது. ஆகவே, அக்கம்பக்கத்தார் கொண்டுவந்து கொடுக்கும் கொய்யாவையும் எலுமிச்சையையும் வாங்கி அடுக்காதீர்கள். சரக்குச் சீட்டுகளைக் கல்லாப் பெட்டியருகே வையுங்கள். ஏ மண்டலம் என்றால், எங்கிருந்து வந்ததானாலும் முழுப் பழமும் காயும் அதைத் தாண்டக் கூடாது. ஆஸ்திரேலிய மாம்பழம் பூச்சித் தடுப்புக்காகக் கதிர்வீச்சுக்கு உட்பட்ட பிறகே இங்கு வருகிறது என்றாலும், கடை வாசலில் திறந்து வைத்த பிறகு இங்குள்ள ஈ அதில் முட்டையிடாது என்று யார் சொல்ல முடியும்? கீரை, மண் நீங்கிய கிழங்கு வகைகள், சமைத்தவை, உறைய வைத்த முருங்கைக்காய் ஆகியவற்றுக்குத் தடையில்லை. அழுகலை உரக்குழியில் போடாமல், அதிகாரிகள் தரும் தனித் தொட்டியில் போடுங்கள்.

கேட்பவர்
மிக்க நன்றி, ஐயா. வரைபடத்தைப் பார்த்தேன், கடை பி மண்டலத்தில் இருக்கிறது. நான் தங்கியிருக்கும் வீடுதான் ஏ மண்டலத்தில் இருக்கிறது. நாள்தோறும் வீட்டிலிருந்து இரண்டு வாழைப்பழம் எடுத்துக்கொண்டு கடைக்கு நடந்து வருகிறேன்.

நான்காம் மறுமொழி
முதலில் நிறுத்த வேண்டியது அதைத்தான்! வீட்டிலேயே தின்றுவிட்டு வாருங்கள், தோலையும் அங்குள்ள தொட்டியிலேயே போடுங்கள். இருப்புப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, கடை திறக்கும் முன் 0800 80 99 66 என்ற அரசின் பூச்சி, நோய் உதவி எண்ணில் பேசிவிடுங்கள். மாமாவுக்கு அதற்குப் பிறகு சொல்லலாம்.