உணவு விஞ்ஞானத்தோடு சர்வதேச வணிகம்: எல்.சி ஆவணங்களில் சிக்கி நிற்கிறேன்

வணக்கம். இடம் ஹட்டன். உணவு விஞ்ஞானம் 3ஆம் வருடம். தேயிலை ஏற்றுமதித் துறைக்காக சர்வதேச வணிகமும் சேர்த்துப் படிக்கிறேன். இன்கோடேர்ம்ஸ் 2020 (விற்பவர், வாங்குபவர் செலவையும் பொறுப்பையும் பிரிக்கும் சர்வதேச விதிகள்) பிரச்சினையில்லை. கறுப்புத் தேயிலை 3 கிலோவுக்கு மேற்படாத பொதி என்றால் சுங்கக் குறியீடு (HS code) 0902.30, மற்றது 0902.40, அதுவும் தெரியும்.

சிக்கல் எல்.சி (Letter of Credit, ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக வாங்குபவரின் வங்கி தரும் கடிதம்) ஆவணங்களில்தான். இன்வொய்ஸில் சரக்கு விவரம் எல்.சியோடு பொருந்தாவிட்டால் வங்கி மறுத்துவிடும். கப்பலேற்றி 21 நாளுக்குள், எல்.சி காலாவதியாகுமுன், ஆவணங்கள் போய்ச் சேரவேண்டும். எழுதிப் பழகாமல் இது கைவராது.

6 மாதமாக இணையப் பாடங்கள் பார்த்தாயிற்று, எல்லாம் வரைவிலக்கணம். கண்டி வகுப்பு சனிக்கிழமை, அன்று ஆய்வுகூடம். கொழும்புக்கு ரயிலிலேயே அரை நாள் போய்விடும்.

ஹட்டன், நுவரெலியா, கண்டிப் பக்கம் ஞாயிறில் மாதிரி எல்.சி வைத்து நிரப்பப் பழக்கும் தமிழ் வகுப்பு எங்கே இருக்கிறது?