டேங்க் மாடல் மேஜைக்கு முன்னால் வந்து நின்றவர்கள்

டேங்க் மாடல் செய்பவர்களுக்குப் புத்தகமும் புகைப்படமும் எவ்வளவு முக்கியமோ, மேஜைக்கு முன்னால் வந்து நின்று பேசுகிற ஆட்களும் அவ்வளவு முக்கியம். எனக்கு அப்படி வாய்த்த சிலரைப் பற்றி எழுதுகிறேன்.

முதலில் டி-55. 1971 போரில் இந்திய ராணுவம் பயன்படுத்திய டி-55 ஆக 1/35 அளவு (நிஜத்தில் 35-இல் ஒரு பங்கு) கிட் ஒன்றை, அதாவது ஒட்டிச் சேர்க்கும் பிளாஸ்டிக் பாகங்களின் பெட்டியை, மாற்றிக்கொண்டிருந்தேன். கிட்டில் இருப்பது சோவியத் டேங்க். அதன் பீரங்கிக் குழலின் முனையில் ஓர் உருளை இருக்கும். சுட்டு முடித்ததும் குழலுக்குள் தங்கும் புகை டரட்டுக்குள் (பீரங்கியோடு சுழலும் மேல்பகுதிக்குள்) திரும்பி வந்து ஆட்களைத் திணறடிக்கும். அப்படி வராமல் முன்பக்கமாக இழுத்து வெளியேற்றுவதுதான் அந்த உருளையின் வேலை. எதிர்ப்பக்கம் பாகிஸ்தானிடம் இருந்தது டைப் 59, அதாவது டி-54ஏ-வைப் பார்த்துச் சீனாவில் செய்த டேங்க். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே ஜாடை. அதனால் நம் டி-55களின் குழல் நடுவில் போலியாக இன்னோர் உருளையை மாட்டினார்கள். புகைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, நம்முடையது எது என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இந்த மாற்றத்துக்குப் பெரிய சாமான் எதுவும் வேண்டாம். பொருத்தமான பிளாஸ்டிக் டியூப், இரண்டு பக்கமும் மூட வட்டத் துண்டுகள், இணைப்பை மறைக்கப் புட்டிப் பசை, தேய்க்க உப்புத்தாள். அளவுதான் பிரச்சினை. டி-55 சக்கரத்தின் விட்டம் 810 மில்லிமீட்டர் என்று தெரியும், ஆனால் புகைப்படத்தில் சக்கரமும் குழலும் கேமராவிலிருந்து ஒரே தூரத்தில் இருப்பதில்லை. அதனால் அதை வைத்துக் கணக்குப் போட்டால் ஏமாற்றிவிடும். குழல் முனையில் இருக்கிற நிஜ உருளையையே அளவுகோலாக வைத்துக்கொண்டேன். இரண்டும் ஒரே குழலில் இருப்பதால் பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில் விகிதம் சரியாகக் கிடைக்கும்.

அந்த டேங்கைப் பெயிண்ட் அடிக்காமல், பிரைமர் என்கிற அடிப்பூச்சோடு ஒரு கண்காட்சியில் வைத்திருந்தேன். வயதான ஒருவர் வந்து வெகுநேரம் குனிந்து பார்த்தார். குழல் நடுவில் இருந்த உருளையைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். “இதை மாட்டியிருக்கீங்களே தம்பி” என்றார். டி-55 ஓட்டியவர். அதற்குப் பிறகு என்னை விடவில்லை, நானும் அவரை விடவில்லை.

“பெயிண்ட் எங்கெல்லாம் தேய்ஞ்ச மாதிரி காட்டப் போறீங்க?” என்று கேட்டார். விளிம்பு, மூலை எல்லாம் என்றேன். அவர் தலையை ஆட்டிவிட்டு, மூடி போட்ட பேனாவின் நுனியால் ஒரு பாதை காட்டினார். இடதுபக்க மட்கார்டில் ஒரு கால், அங்கிருந்து முன் சரிவுத் தகட்டில் ஒரு கால், அப்புறம் டிரைவர் ஹாட்ச், அதாவது டிரைவர் உள்ளே இறங்கும் மூடி போட்ட திறப்பு. “நான் தினமும் ஏறி இறங்கின வழி இது. இங்கே பெயிண்ட் தேயும், அது மேல மண்ணும் அப்பும். ஆள் கால் படாத மூலையில் எதுக்குத் தேயப்போகுது?” அதோடு, இடது மட்கார்டின் பின்பக்கம் இருக்கும் சைலன்சர் வாயைச் சுற்றிக் கரி பிடிக்க வேண்டும் என்றார். வலதுபக்க மட்கார்டில் டீசல் டேங்குகள் இருப்பதால், மூடிகளின் அடியில் டீசல் வழிந்து தூசி ஒட்டிய கறை வேண்டும் என்றார். ஸ்பாஞ்சால் பெயிண்டைத் தொட்டுத் தொட்டு எல்லா இடத்திலும் சிராய்ப்பு வைப்பது பலருக்கும் பழக்கம். அவர் பேசியதைக் கேட்ட பிறகு, ஒவ்வொரு சிராய்ப்புக்கும் யாருடைய கால், எந்தக் கருவி என்று ஒரு காரணம் தேடுகிறேன். அவரிடம் பேசிய அந்த அரைமணி நேரத்துக்கு நான் என்றும் கடமைப்பட்டிருக்கிறேன்.

இன்னொருவர் வெல்டிங் தொழில் செய்பவர். மாடல் என்றால் என்னவென்றே அவருக்கு அக்கறை இல்லை, தகடு சேரும் கோட்டை மட்டும் பார்த்தார். “வெல்டிங் எந்தப் பக்கமா ஓடுது சார்?” என்று கேட்டார். நல்ல கேள்வி. வெல்டிங் வரியில் ஒவ்வொரு அலையும் முந்தின அலைமேல் படிந்து ஒரே திசையில் போகும், நடுவில் ராடு மாற்றிய இடம் தெரியும். எப்பாக்சி புட்டியை நூல் போல உருட்டி, தகடு சேரும் பள்ளத்தில் படுக்கவைத்து, கொஞ்சம் இறுகியதும், மெல்லிய உலோகக் குழாயைப் பாதியாக வெட்டிய நுனியால் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை வரிசையாக அழுத்திக்கொண்டே போனால் அந்த அலை வந்துவிடும். கத்தி நுனியால் கண்டபடி குத்துவதைவிட இது எவ்வளவோ மேல்.

இரண்டாம் உலகப்போரின் அமெரிக்க டேங்கான ஷெர்மனை, பிரிட்டிஷ்காரர்கள் பெரிய பீரங்கி வைத்து மாற்றிய ஃபயர்ஃப்ளையாக மாற்றும்போது வந்தவர் மாடல் செய்கிற ஓர் அண்ணன். இந்த வேலையில் இறங்குகிற எல்லோரையும்போல நானும் பெரிய பட்டியலோடு உட்கார்ந்திருந்தேன்: குழல் மாற்றணும், டரட்டுக்குப் பின்னால் பெட்டி வைக்கணும், மேலே இன்னொரு ஹாட்ச், முன்பக்க மெஷின் கன் துளையை மூடணும். அவர் பட்டியலை மடித்து ஓரமாக வைத்துவிட்டு, “17 பவுண்டரை உள்ளே வெச்சா என்னாகும்னு மட்டும் யோசி” என்றார். 17 பவுண்டர் என்பதுதான் அந்தப் பெரிய பீரங்கி.

யோசித்தால் எல்லாம் தானாக வந்தது. அந்த பீரங்கி பெரியது, சுட்டதும் பின்னால் வர இடம் வேண்டும். அந்த இடத்தில் இருந்த ரேடியோ டரட்டுக்கு வெளியே கவசப் பெட்டிக்குள் போனது. பீரங்கியின் பின்பகுதி குறுக்கே நிற்பதால் லோடர் (பீரங்கியில் குண்டு போடுபவர்) வெளியேற வழியில்லை, அவருக்குக் கூரையில் தனி ஹாட்ச் வெட்டினார்கள். நீளமான குண்டுகளை அடுக்க இடம் வேண்டியிருந்ததால் முன்னால் இருந்த மெஷின் கன் ஆளை எடுத்துவிட்டு, துளையைக் கவசத் துண்டால் மூடினார்கள். காரணம் பிடிபட்ட பிறகு எந்த மாற்றமும் விட்டுப்போக வாய்ப்பே இல்லை.

குழல் நீளம் 55 காலிபர் (குழல் துளையின் விட்டத்தைப்போல 55 மடங்கு), அதாவது சுமார் 4.19 மீட்டர். 1/35-இல் கிட்டத்தட்ட 12 செ.மீ. வழக்கமான 75 மி.மீ. பீரங்கியைவிட இது நன்றாகவே நீளம், ஆகவே ஜெர்மானியர்கள் ஃபயர்ஃப்ளையைத்தான் முதலில் குறிவைத்தார்கள். 1944-இல் நார்மண்டியில் இருந்த டேங்க் குழுக்கள் சிலர், குழலின் முன்பாதியில் அடிப்பக்கத்தை வெள்ளையாக அடித்து, தூரத்தில் இருந்து பார்ப்பவனுக்குக் குழல் குட்டையாகத் தெரியும்படி செய்தார்கள். டி-55காரர்கள் அடையாளம் தெரிய உருளை மாட்டினார்கள், இவர்கள் அடையாளம் மறைக்க வெள்ளை அடித்தார்கள். கன்வர்ஷன் என்று நாம் சொல்கிற வேலையை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு முதலில் செய்தவர்கள் இவர்கள்தான். இந்த நினைப்பு இல்லாமல் நான் கத்தியை எடுப்பதில்லை.

அந்த வெள்ளை அடிக்கும்போது கவனிக்க வேண்டியது ஒன்றுதான். பச்சைக்கும் வெள்ளைக்கும் நடுவே எல்லை நேர்கோடாக இருக்கக் கூடாது, அலையலையாகப் போக வேண்டும். டேப் ஒட்டி ஏர்பிரஷ் அடித்தால் பாக்டரியில் அடித்த மாதிரி ஆகிவிடும். நான் பழைய பிரஷ்ஷால் கையிலேயே அடிக்கிறேன், வெள்ளையில் கொஞ்சம் மண்ணிறம் கலந்து.