எஃப்சி-150: கார்புரேட்டரை எடுத்து இன்ஜெக்‌ஷன் போட்ட பிறகு, சூடானால் வண்டி அணைகிறது

அல்சூர் எஃப்சி

வணக்கம். வண்டி 1972-இல் பதிவான மஹிந்திரா எஃப்சி-150 பிக்கப். நாலு சிலிண்டர் ஹரிகேன் பெட்ரோல் எஞ்சின், 2199 சிசி. ஓசூரில் அப்பா வைத்திருந்த வண்டி, இப்போது பெங்களூரில் என்னிடம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் ஓசூர் தோட்டத்துக்குச் செடி, உரம் ஏற்றிப் போவேன். வாடகைக்கு விடுவதில்லை.

இந்த வண்டியில் எஞ்சின் கேபினுக்குள்ளேயே, இரண்டு சீட்டுக்கும் நடுவில், மூடிக்குக் கீழே இருக்கும். காற்றோட்டம் குறைவு. சில்க் போர்டு நெரிசலில் நின்றால் கார்புரேட்டரில் பெட்ரோல் கொதித்து வண்டி நின்றுவிடும். 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் வந்த பிறகு இன்னும் மோசம். ஜெட் அளவு பழைய பெட்ரோலுக்கானது, அதனால் கலவை மெலிந்து போகிறது. இந்த எஞ்சினில் எக்ஸாஸ்ட் வால்வு பிளாக்கிலேயே இருப்பதால் வால்வு கருகினால் வேலை பெரிது. அதனால்தான் இன்ஜெக்‌ஷன் போட முடிவு செய்தேன்.

ஹரிகேனில் இன்டேக் மேனிஃபோல்ட் ஹெட்டோடு ஒரே வார்ப்பு. சிலிண்டருக்கு ஒன்றாக இன்ஜெக்டர் வைக்க இடமில்லை. கார்புரேட்டர் உட்காரும் இடத்தில் பீன்யாவில் கடைந்த அலுமினியத் தட்டு வைத்தேன். அதன் மேல் சிவாஜிநகர் குஜிரியில் (பழைய சாமான் சந்தையில்) வாங்கிய கார் த்ராட்டில் பாடி. தட்டின் பக்கவாட்டில், த்ராட்டிலுக்குக் கீழே, நிமிடத்துக்கு 250 சிசி தெளிக்கும் இன்ஜெக்டர் இரண்டு. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினிப் பெட்டி (இசியு) ஸ்பீடுயினோ. இக்னிஷன் பழைய பாயிண்ட் டிஸ்ட்ரிபியூட்டரே, ஆர்பிஎம் சிக்னல் காயிலின் நெகட்டிவிலிருந்து ஆப்டோகப்ளர் (ஒளியால் சிக்னல் கடத்தும் சில்லு) வழியாக வருகிறது. பம்ப் வெளியே மாட்டும் 3 பார் (சுமார் 43 பிஎஸ்ஐ) பம்ப். கேபினுக்குப் பின்னால் சேஸ் மேல் இடம் இருந்தது, அங்கே மாட்டியிருக்கிறேன். ரிட்டர்ன் லைன் டேங்குக்குப் போகிறது.

காலையில் ஒரே சுற்றில் ஸ்டார்ட் ஆகிறது, அருமையாக ஓடுகிறது. அரை மணி நேரம் கழித்து நெரிசலில் ஐடில் ஏறி இறங்க ஆரம்பிக்கிறது. ஹெட்லைட் போட்டால் அதிகமாகிறது. பிறகு அணைகிறது. சற்று ஆறவிட்டால் மறுபடி ஓடும். இன்னொன்று, 2500-க்கு மேல் போனால் இசியு பதிவில் (லாகில்) ஆர்பிஎம் திடீரென 6000 என்று குதிக்கிறது, எஞ்சின் வெட்டுகிறது. இன்னும் ஒரு சந்தேகம்: சாவி போட்டு எஞ்சின் ஓடாதபோது, மேனிஃபோல்ட் காற்றழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் 91 கிலோபாஸ்கல்தான் காட்டுகிறது, 100 வரவில்லை. சென்சார் பழுதா?

கலாசிபாளையம் மெக்கானிக்

தம்பி, உழைப்புக்கு முதலில் வணக்கம். ஆனால் மனசில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். நெரிசலில் கொதிப்பதுதான் பிரச்சினை என்றால் கார்புரேட்டருக்கு அடியில் பேக்கலைட் ஸ்பேசர், டேங்க் பக்கத்தில் 3 பிஎஸ்ஐ எலக்ட்ரிக் பம்ப், லைனை எக்ஸாஸ்டிலிருந்து தள்ளிப் போடுவது, ஒரு சைஸ் பெரிய ஜெட். இவ்வளவு போதும். ஜீப்புகளுக்கு இதையே செய்து வருகிறேன், நன்றாக ஓடுகின்றன. வழியில் நின்றாலும் ஒரு ஸ்க்ரூ டிரைவரில் சரிசெய்யலாம். பழைய கார்புரேட்டரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

சிவாஜிநகர்வாசி

அண்ணன் சொன்ன கடைசி வரி ரொம்ப முக்கியம், அதற்கு வேறொரு காரணமும் உண்டு. 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் விண்டேஜ் வண்டிகளுக்குத் தனிப் பதிவு வந்தது. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டிய வண்டிக்கு ‘விஏ’ எழுத்து கொண்ட எண் கிடைக்கும். உங்கள் வண்டி வயதால் தகுதி பெற்றது. ஆனால் ஒரிஜினல் வடிவில் இருக்க வேண்டும், சேஸ், பாடி, எஞ்சினில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது என்பது நிபந்தனை. அந்தப் பதிவில் வண்டியை வழக்கமான போக்குவரத்துக்கு ஓட்டவும் முடியாது. அதனால் தோட்டத்துக்கு ஓட்டும் வரை சாதாரணப் பதிவில் இருப்பதே உங்களுக்குச் சரி.

சாதாரணப் பதிவிலும் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இருக்கிறது. தயாரிப்பாளர் குறித்த விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இறுக்கமாகவே சொல்லியிருக்கிறது. ஆர்டிஓவில் எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஹெட்டில் துளை போடாமல், வெல்டிங் வைக்காமல், போல்ட்டைக் கழற்றினால் பழைய நிலைக்குத் திரும்பும்படி வைத்திருங்கள். தட்டு வைத்துச் செய்த முறை அந்த வகையில் நல்ல முறை.

எஸ்பி ரோடு வயர்

மேப் சென்சார் சரியாகத்தான் இருக்கிறது. பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேல். இங்கே காற்றழுத்தமே 91 கிலோபாஸ்கல் அளவுதான். சென்னையில் சாவி போட்டால் 101 வரும். நீங்கள் இன்ஜெக்‌ஷனுக்கு மாறியதன் பெரிய லாபமே இதுதான். ஒரே ஜெட்டோடு கார்புரேட்டர் சென்னையில் ஒரு கலவை, இங்கே ஒரு கலவை, ஊட்டியில் வேறொரு கலவை கொடுக்கும். இசியு அதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

மற்றதற்கு அளவுகள் வேண்டும், ஊகத்தில் சொல்ல விருப்பமில்லை. வண்டி நன்றாகச் சூடாகி, ஐடில் ஏறி இறங்கும் நேரத்தில் இதையெல்லாம் எடுங்கள்: பேட்டரி முனையில் வோல்ட், இசியு முனையில் வோல்ட், பம்ப் முனையிலேயே வோல்ட். மூன்றும் வேறு வேறாக இருக்கும். அடுத்து பெட்ரோல் பிரஷர், ரெகுலேட்டரின் வேக்குவம் ஹோஸைக் கழற்றிவிட்டு. ஹோஸ் மாட்டியிருந்தால் ஐடிலில் சுமார் 7 பிஎஸ்ஐ அளவுக்குக் குறைத்துக் காட்டும், அது இயல்பு, அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். அப்புறம் காற்று வெப்பநிலை சென்சார் எங்கே இருக்கிறது, எவ்வளவு காட்டுகிறது? சார்ஜிங் டைனமோவா ஆல்டர்னேட்டரா?

பீன்யா லேத்

தட்டுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் என்ன கேஸ்கெட்? அலுமினியம் சூட்டில் வார்ப்பிரும்பைவிட அதிகம் விரியும். குளிரில் இறுகி இருந்து சூட்டில் காற்று இழுக்கும் வண்டிகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஐடிலில் தட்டைச் சுற்றி சோப்புத் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஐடில் மாறினால் அங்கே கசிவு.

அல்சூர் எஃப்சி

எல்லோருக்கும் நன்றி. கார்புரேட்டர், அதன் லிங்கேஜ், ஏர் கிளீனர் எல்லாம் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன. ஹெட்டில் கை வைக்கவில்லை. தட்டைச் சுற்றி சோப்புத் தண்ணீர் தெளித்தேன், மாற்றம் இல்லை.

சூட்டில் எடுத்த அளவுகள்: பேட்டரியில் 11.8 வோல்ட், ஹெட்லைட் போட்டால் 11.3. இசியுவில் 11.1. பம்ப் முனையில் 9.7. பிரஷர் வேக்குவம் ஹோஸ் இல்லாமல் குளிரில் 43 பிஎஸ்ஐ, சூட்டில் 34-க்கும் 38-க்கும் நடுவில் ஊசி ஆடுகிறது, அப்போது பம்ப் சத்தம் கிறீச்சென்று மாறுகிறது. காற்று சென்சார் எஞ்சின் மூடிக்குள், ஏர் பைப்பில் இருக்கிறது. நின்று மறுபடி ஸ்டார்ட் செய்யும்போது 71 டிகிரி காட்டியது. சார்ஜிங் பழைய டைனமோ.

எஸ்பி ரோடு வயர்

அருமையான அளவுகள். பதிலே இதற்குள் இருக்கிறது.

டைனமோ ஐடிலில் கிட்டத்தட்ட சார்ஜ் செய்யாது. பாயிண்ட் இக்னிஷனுக்கும் இரண்டு பல்புக்கும் அது போதும். இப்போது பம்ப், இன்ஜெக்டர், இசியு, ஆக்ஸிஜன் சென்சார் ஹீட்டர் எல்லாம் பேட்டரியைக் குடிக்கின்றன. காலையில் பேட்டரி நிறைந்திருப்பதால் ஓடுகிறது, அரை மணியில் இறங்கிவிடுகிறது. இன்ஜெக்டர் திறக்க எடுக்கும் நேரம் 14 வோல்ட்டில் 1 மில்லிசெகண்ட் அளவென்றால் 11-இல் அதில் பாதி கூடுதலாக ஆகலாம். ஐடிலில் மொத்தப் பல்ஸே 2 மில்லிசெகண்ட் பக்கம்தான். இசியுவில் வோல்ட் திருத்த அட்டவணை உங்கள் இன்ஜெக்டருக்குச் சரியாக இல்லாவிட்டால் கலவை மெலியும், ஆர்பிஎம் இறங்கும், டைனமோ இன்னும் குறைவாகக் கொடுக்கும். ஹெட்லைட் போட்டால் ஏன் அதிகமாகிறது என்பது இதனால்தான்.

முதல் வேலை ஆல்டர்னேட்டர். 45 ஆம்பியர் போதும். அதற்கு முன் வண்டியில் பேட்டரி நெகட்டிவ்தான் எர்த் என்று ஒருமுறை உறுதி செய்துகொள்ளுங்கள், பழைய வண்டிகளில் பாசிட்டிவ் எர்த்தும் உண்டு. டைனமோவின் கட்-அவுட் பெட்டியை முழுக்கக் கழற்றிவிட வேண்டும். டாஷ்போர்டில் ஆம்மீட்டர் இருந்தால் அதன் வழியாக ஆல்டர்னேட்டர் கரண்டை விடாதீர்கள், சூடாகி எரியும். அந்த இடத்தில் வோல்ட்மீட்டர் வையுங்கள்.

பம்புக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் வயர் பேட்டரியிலிருந்து நேராக, ஃப்யூஸ், ரிலே. பேட்டரிக்கும் பம்புக்கும் நடுவில் 2 வோல்ட் காணாமல் போவது பழைய வயரிலும் எர்த்திலும்தான்.

பிரஷர் ஆடுவதும் கிறீச் சத்தமும் வேறு கதை. இவ்வகைப் பம்ப் தள்ளும், இழுக்கத் தெரியாது. நீங்கள் மாட்டிய இடம் டேங்குக்கு மேலே, எஞ்சின் சூட்டுக்குப் பக்கத்தில். 3 பார் அழுத்தத்தில் பெட்ரோல் கொதிக்காது, ஆனால் பம்பின் இழுக்கும் பக்கத்தில் அழுத்தமே இல்லை, அங்கே கொதிக்கும். முன்பு கார்புரேட்டரில் கொதித்த அதே பெட்ரோல் இப்போது பம்ப் வாயில் கொதிக்கிறது. பிரச்சினை தீரவில்லை, இடம் மாறியிருக்கிறது. 43-இலிருந்து 34-க்கு இறங்கினாலே பாய்வு 11 சதவீதம் குறையும். பம்பை டேங்கின் அடிமட்டத்துக்குக் கீழே, டேங்கை ஒட்டி, எக்ஸாஸ்டுக்கு எதிர்ப்பக்கம் மாட்டுங்கள். அதற்கு முன்னால் பெரிய, சல்லடை போன்ற ஃபில்டர். மெல்லிய ஃபில்டர் பம்புக்குப் பிறகுதான். பழைய டேங்கில் தடுப்பு இல்லாவிட்டால் திருப்பத்தில் பெட்ரோல் ஒதுங்கிப் பம்ப் காற்றை இழுக்கும். அப்படி வந்தால் ஒரு லிட்டர் அளவுக்குச் சின்ன சர்ஜ் டேங்க் வைக்கலாம். இப்போதே வேண்டாம்.

71 டிகிரி என்பது உள்ளே போகும் காற்றின் சூடு இல்லை, நின்ற வண்டியின் உலோகச் சூடு. இசியு அதை நம்பி, காற்று இலேசாக இருக்கிறது என்று பெட்ரோலைக் குறைக்கிறது. சென்சாரை மூடிக்கு வெளியே, ஏர் கிளீனர் வாய்ப் பக்கம் கொண்டுபோங்கள்.

ஆர்பிஎம் குதிப்பது மின் இரைச்சலால். காயில் நெகட்டிவில் ஒவ்வொரு தீப்பொறிக்கும் 300 வோல்ட்டுக்கு மேல் அதிர்வு வரும். ரெசிஸ்டர் பிளக், கார்பன் கோர் பிளக் வயர் போடுங்கள், செம்பு வயர் வேண்டாம். இசியு எர்த் நேராக பேட்டரிக்கு, சிக்னல் வயருக்கு ஷீல்டு. டிஸ்ட்ரிபியூட்டர் ஷாஃப்டை ஆட்டிப் பாருங்கள், புஷ் தேய்ந்திருந்தால் எந்த வயரும் உதவாது. நீடித்த வழி பாயிண்டை எடுத்துவிட்டு ஹால் சென்சார் வகை மாட்டுவது.

கலாசிபாளையம் மெக்கானிக்

பம்ப் பற்றி அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. நான் ஒன்று கூட்டுகிறேன், தயவுசெய்து தள்ளிப் போடாதீர்கள். முன்பு உங்கள் கேபினுக்குள் 3 பிஎஸ்ஐ பெட்ரோல் இருந்தது, இப்போது 43. அதுவும் உங்கள் முழங்காலுக்குப் பக்கத்தில். பழைய ரப்பர் ஹோஸ் ஒரு இஞ்ச்கூட இருக்கக் கூடாது. எத்தனால் அதை ஊறவைத்து உள்பக்கம் உரிக்கும். இன்ஜெக்‌ஷனுக்கென்றே வரும், ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் வாங்குங்கள். ஜேசி ரோட்டில் கேட்டால் கிடைக்கும், அச்சைப் பார்த்து வாங்குங்கள். பட்டை முழுக்க மூடும் கிளிப், சாதாரணப் பல்லுள்ள கிளிப் ஹோஸை வெட்டும். ஆர்பிஎம் இல்லையென்றால் பம்ப் நிற்கும்படி இசியு ரிலே, அதோடு மோதினால் துண்டிக்கும் இனர்ஷியா சுவிட்ச். தீயணைப்பான் ஒன்று கதவுப் பக்கம். இவ்வளவும் இருந்தால் நானே வந்து ஓட்டிப் பார்க்கிறேன்.

அல்சூர் எஃப்சி

அண்ணா, அவசியம் வாங்க. ஹோஸ் முழுக்க மாற்றிவிட்டேன், சுவிட்சும் தீயணைப்பானும் மாட்டியாகிவிட்டது. ஆல்டர்னேட்டர் வந்துவிட்டது, சூட்டில் ஹெட்லைட்டோடு ஐடிலில் 13.9 வோல்ட். பம்ப் டேங்குக்குக் கீழே இறங்கியது, முனையில் 13.5. பிரஷர் 43-இல் ஆடாமல் நிற்கிறது. பிளக், வயர் மாற்றியதும் 6000 குதிப்பு போய்விட்டது. சில்க் போர்டிலிருந்து அத்திபெலே வரை மாலை நெரிசலில் போனேன், நிற்கவில்லை.

மீதி ஒன்றுதான்: ஆக்சிலரேட்டரைத் திடீரென மிதித்தால் ஒரு கணம் மூச்சு முட்டி, பிறகு எடுக்கிறது. ஆக்ஸிஜன் மீட்டர் அந்த நேரம் காற்று-பெட்ரோல் விகிதம் 17 என்று காட்டுகிறது. இந்தப் பெட்ரோலுக்கு 14.7 சரியா, 13.5-ஆ?

எஸ்பி ரோடு வயர்

20 சதவீத எத்தனாலுக்கு உண்மையான விகிதம் 13.5 பக்கம்தான். ஆனால் மீட்டர் லாம்டாவை (1 என்றால் கலவை சரி, குறைந்தால் செறிவு, கூடினால் மெலிவு) அளந்து, தூய பெட்ரோல் கணக்கில் 14.7-ஆல் பெருக்கிக் காட்டுகிறது. அதனால் லாம்டா 1 என்றால் எந்தப் பெட்ரோலிலும் அது 14.7 என்றே சொல்லும். திரையை லாம்டாவுக்கு மாற்றிவிடுங்கள், குழப்பமே இல்லை. ஐடிலில் 0.95, சமவேகத்தில் 1, பாரத்தோடு மேடேறும்போது 0.86 வரை.

மூச்சு முட்டுவது முடுக்கத்துக்கான கூடுதல் பெட்ரோல் போதாததால். கார்புரேட்டரில் அதற்கென்று ஒரு சின்னப் பம்ப் இருந்தது, இசியுவில் அந்த வேலையை அட்டவணை செய்கிறது. உங்கள் இன்ஜெக்டர் வால்விலிருந்து தூரத்தில் இருப்பதால் தெளித்ததில் கொஞ்சம் மேனிஃபோல்ட் சுவரில் ஒட்டும். அதனால் கார்களுக்குக் கொடுப்பதைவிட அதிகம் வேண்டும். முதலில் நிலையான வேகத்தில் பெட்ரோல் அளவுக்கான அடிப்படை அட்டவணையைச் சரியாக்குங்கள், அது முடியாமல் இதைத் தொடாதீர்கள். பிறகு த்ராட்டில் வேக அட்டவணையில் கீழ் இரண்டு கட்டங்களை 10 சதவீதம் 10 சதவீதமாக ஏற்றுங்கள். மீட்டர் முதலில் மெலிவு காட்டினால் இன்னும் ஏற்றலாம், செறிவு காட்டி முட்டினால் இறக்க வேண்டும். எஞ்சின் 80 டிகிரி வந்த பிறகு மட்டும் செய்யுங்கள், குளிருக்கான திருத்தம் தனி அட்டவணை.

எக்ஸாஸ்டில் சென்சாருக்கு முன்னால் கசிவு இருந்தாலும் மீட்டர் பொய்யாக மெலிவு காட்டும், ஏற்றுவதற்கு முன் அந்த கேஸ்கெட்டைப் பார்த்துவிடுங்கள். ஓசூர் போய்வரும்போது லாகைச் சேமித்து இங்கே போடுங்கள், அட்டவணையைச் சேர்ந்து பார்ப்போம்.