கப்பலில் காலா நைட்: அப்பா வேட்டி கட்டிப் போனால் உள்ளே விடுவார்களா?

செந்தூல் பொண்ணு

எல்லாருக்கும் வணக்கம். பெரிய பயணக் கப்பலில் போய் வந்தவர்கள் இருந்தால் கொஞ்சம் உதவுங்கள். வீட்டில் உடுப்புச் சண்டை முற்றிவிட்டது.

அண்ணன் இங்கிலாந்தில் இருக்கிறார். அப்பாவின் எழுபதாவது பிறந்தநாளுக்காக, சௌத்தாம்டனிலிருந்து நார்வே போகும் குனார்ட் கம்பெனிக் கப்பலில் ஏழு இரவுக்கு எல்லாருக்கும் இடம் போட்டுவிட்டார். நாங்கள் கோலாலம்பூரிலிருந்து பறந்து போய்ச் சேர்ந்துகொள்ள வேண்டும். அதுவரை எல்லாரும் சந்தோஷமாகத்தான் இருந்தோம். அப்புறம் அண்ணன் வாட்சப்பில் ஒரு பட்டியல் அனுப்பினார். மாலை ஆறு மணிக்கு மேல் ஆண்களுக்கு காலர் சட்டையும் நீளச் சிலுவாரும். இரண்டு இரவு காலா, அதாவது எல்லாரும் விருந்து உடுப்பில் வர வேண்டிய இரவு. அன்றைக்கு டக்சீடோ, இல்லை அடர்நிற சூட்டும் டையும்.

அப்பா செந்தூல் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பட்டியலைப் படித்துக் காட்டினேன். "அத்தனை வருஷம் அவன் குடுத்த யூனிபார்மைப் போட்டேன். என் பிறந்தநாளுக்கும் இன்னொருத்தன் சொல்ற உடுப்பா?" என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டார். பட்டு வேட்டி, ஜிப்பா, அவ்வளவுதான் அவர் முடிவு. அண்ணனோ, வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள், அத்தனை பேர் முன்னால் அவமானம், பேசாமல் ஒரு சூட் தைத்துக் கூட்டிவா என்கிறார். ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் ஒரு தையல்கடையில் விலை கேட்டேன். 950 வெள்ளி (ரிங்கிட்). இரண்டு ராத்திரி போட்டுவிட்டு அலமாரியில் தொங்கப்போகிற உடுப்புக்கு!

அம்மாவுக்கு வேறு கவலை. ஆடுகிற கப்பலில் காஞ்சிபுரம் கட்டிக்கொண்டு நடக்க முடியுமா என்று கேட்கிறார். என் வீட்டுக்காரர் இன்னும் மோசம். "நான் அரைக்கால் சிலுவாரோடு பஃபேயில் சாப்பிட்டுக்கொள்கிறேன், என்னை இதில் இழுக்காதே" என்கிறார்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. தேசிய உடை என்றால் ஏற்றுக்கொள்வார்கள் என்று ஒருவர் சொன்னார். நாம் மலேசியக் கடப்பிதழோடு போகிறோம். தேசிய உடை என்று சொன்னால் மலாய்க்காரர்களின் பாஜு மெலாயு உடையும் சொங்கோக் தொப்பியும் எங்கே என்று கேட்பார்களோ?

பூச்சோங் பையன்

அக்கா, இவ்வளவு யோசிக்க வேண்டாம் லா. நான் சிங்கப்பூரிலிருந்து ராயல் கரீபியனில் போனேன். பார்மல் நைட் என்று தாளில் போட்டிருந்தது. போய்ப் பார்த்தால் பாதிப் பேர் போலோ சட்டை, ஒருவர் ஃபுட்பால் ஜெர்சி. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நீச்சல் உடையோடும் வெறுங்காலோடும் வராதே, அவ்வளவுதான் கேட்கிறார்கள். பிடிக்கவில்லையா, மாடியில் விண்ட்ஜாமர் பஃபே திறந்துதான் இருக்கும்.

என் கருத்து: விடுமுறைக்குப் போகிறோம், காசு நாம் கொடுக்கிறோம். ஆபீசில் ஐந்து நாள் டை கட்டிவிட்டு கப்பலிலும் கட்டச் சொன்னால் அது விடுமுறையா? அப்பா பக்கம்தான் நான். உங்கள் வீட்டுக்காரர் பக்கமும்தான்.

பட்டர்வொர்த் கப்பல்காரன்

தங்கச்சி, நான் கப்பல் உணவகத்தில் பல வருஷம் பரிமாறுகிற வேலை பார்த்தவன். கோவிட்டுக்கு முன்னாலேயே கரைக்கு வந்துவிட்டேன். அந்தக் கம்பெனியின் பெயர் இங்கே வேண்டாம். வாசலில் மெனு அட்டையோடு நின்று, வருகிறவர்களின் காலையும் கழுத்தையும் பார்ப்பதும் என் வேலையில் ஒரு பங்காக இருந்தது.

முதலில், தம்பி சொன்னது அவர் போன கப்பலுக்குச் சரி. சிங்கப்பூரிலிருந்து மூன்று நாலு நாள் போய்வரும் கப்பலையும் குனார்ட்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். நார்வீஜியன் கம்பெனி 2000-லேயே பார்மல் கட்டாயத்தை எடுத்துவிட்டது. செலிபிரிட்டி கம்பெனி 2015-ல் பார்மல் நைட்டைத் தூக்கிவிட்டு, கொஞ்சம் நன்றாக உடுத்தி வந்தால் போதும் என்று மாற்றியது. வைக்கிங் கப்பல்களில் அந்தப் பேச்சே கிடையாது. குனார்ட்டோ இன்னும் பிடியை விடவில்லை. அதற்காகவே அங்கே டிக்கெட் வாங்குகிறவர்கள் நிறைய. காலா இரவில் டக்சீடோ போட்டு நிற்பதற்கென்றே வருஷம் முழுக்கக் காத்திருக்கும் கிழவர்களை எனக்குத் தெரியும்.

ஆனால் உங்கள் அண்ணன் பயப்படுகிற அளவுக்கு விதி கப்பல் முழுக்க இல்லை. ஆறு மணி வரை யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். ஆறுக்கு மேலும் பெரிய உணவகம், நடன மண்டபம் மாதிரி இடங்களுக்குத்தான் அந்தக் கண்டிப்பு. பஃபே இருக்கிறது, கோல்டன் லயன் என்று ஒரு பப் இருக்கிறது, அங்கே காலா அன்றைக்கும் சாதாரணமாக உட்காரலாம். ஆகவே உங்கள் வீட்டுக்காரர் பட்டினி கிடக்கமாட்டார். ஆனால் மாமனார் பிறந்தநாள் சாப்பாட்டுக்கு மருமகன் மட்டும் மாடியில் பஃபேயில் இருந்தால் நன்றாக இருக்குமா, அதை நீங்களே பேசிக்கொள்ளுங்கள்.

வேட்டி விஷயம். காலா இரவுக்குச் சொல்லும் உடைகளில் தேசிய உடையும் உண்டு. முழங்கால் தெரிய கில்ட் கட்டி வரும் ஸ்காட்லாந்துக்காரரை எந்த வாசலிலும் யாரும் நிறுத்தியதில்லை, மாறாக போட்டோ எடுத்துக்கொள்வார்கள். என் காலத்தில் ஷெர்வானி வந்திருக்கிறது, கழுத்து மூடிய பந்த்கலா கோட் வந்திருக்கிறது, பட்டு வேட்டியும் வந்திருக்கிறது. சாப்பாட்டு அறை வாசலில் கடப்பிதழ் கேட்கமாட்டார்கள், பாஜு மெலாயு கவலை வேண்டாம். இருந்தாலும் அண்ணனை கம்பெனிக்கு ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள். எழுத்தில் பதில் வந்துவிட்டால் அவருக்கும் நிம்மதி.

வாசலில் நாங்கள் நிறுத்தியது யாரை என்று கேட்டால், சட்டையைவிட காலுக்காக நிறுத்தியதுதான் அதிகம். ரப்பர் சிலிப்பர். அப்பா வேட்டிக்குக் கீழே அதைப் போட்டு வந்தால் எத்தனை சரிகை இருந்தாலும் உதவாது. கறுப்புத் தோல் செருப்போ சப்பாத்தோ போடட்டும். அப்புறம், உட்கார்ந்ததும் வேட்டியை மடித்துக் கட்டுகிற பழக்கம் அவருக்கு இருந்தால் இப்போதே சொல்லி வையுங்கள்.

கோட் இல்லாமல் வருகிறவர்களுக்காக எங்கள் வாசலுக்குப் பின்னால் ஒரு அலமாரி இருந்தது. அதில் இரவல் கோட்டுகள். மூன்று அளவுதான். யார் யாரோ அடித்த வாசனைத் திரவம் அதில் ஊறிக் கிடக்கும். ஒருநாள் ஒரு பெரியவர், நம் ஆள்தான், எந்த ஊர் என்று தெரியாது, நல்ல வெள்ளை ஜிப்பாவில் வந்தார். வாசலில் இருந்த புது மேற்பார்வையாளனுக்கு அது என்ன உடை என்றே தெரியவில்லை. அலமாரியிலிருந்து பெரிய அளவுக் கோட்டை எடுத்துக் கொடுத்துவிட்டான். பெரியவரும் வாங்கி ஜிப்பாவுக்கு மேலே மாட்டிக்கொண்டார். கை விரல்கணுவரை தொங்கியது, ஜிப்பா கோட்டுக்குக் கீழே ஒரு முழம் நீட்டிக்கொண்டிருந்தது. சூப் குடிக்கும்போது கையை மடக்கி மடக்கி விட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு அந்த மேசை இல்லை, பக்கத்து மேசை. கடைசியில் தலைமை மேலாளர் பார்த்துவிட்டு அவரே வந்து கோட்டைக் கழற்றி வாங்கிக்கொண்டார். ஆகவே உங்கள் அண்ணன் பயம் முழுக்கப் பொய் என்று நான் சொல்லமாட்டேன். வாசலில் நிற்பவன் யார் என்பதைப் பொறுத்ததுதான். மின்னஞ்சலைக் கையில் வைத்துக்கொள்ளச் சொல்வது அதற்குத்தான்.

ஆயர் ஈத்தாம் டீச்சர்

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள்.

பூச்சோங் தம்பி, 'காசு நாம் கொடுக்கிறோம்' என்கிறீர்கள். பக்கத்து மேசைக்காரரும் காசு கொடுத்துத்தான் வந்திருக்கிறார். அவர் வாங்கியது அந்த இரவின் அழகையும் சேர்த்துத்தான். நான் ஒரு கப்பலில் ஆசையாக மைசூர் சில்க் கட்டிப் போய் உட்கார்ந்தேன். எதிரில் ஒருவர் தொப்பியும் கையில்லாத பனியனுமாக வந்து, காலை நாற்காலியில் தூக்கி வைத்துக்கொண்டு இறால் உரித்தார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பத்துமலையில் முழங்கால் தெரிய வரும் பெண்களுக்கு 272 படி ஏறும் முன் கைலி வாடகைக்குக் கொடுத்துச் சுற்றிக்கொள்ளச் சொல்கிறோம். இங்கே பினாங்கில் சுவெட்டன்ஹாம் துறையில் கப்பல் வந்தால், இறங்கி வருகிற வெள்ளைக்காரர்கள் குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்கு நடந்தே வந்துவிடுவார்கள். அரைக்கால் சிலுவாரோடு கும்பிடுகிற இடத்தில் நின்றால் நமக்கு முகம் சுளிக்கிறது இல்லையா? நம் வாசலில் நமக்கு ஒரு முறை, அவன் வாசலில் அவனுக்கு ஒரு முறை.

அதனால்தான் அப்பா வேட்டி கட்டிப் போவது எனக்கு முழுச் சம்மதம். அவர் முறையை மீறவில்லை, தன்னிடம் உள்ளதிலேயே உயர்ந்ததை உடுத்துகிறார். வீட்டுக்காரர்தான் தப்பிக்கப் பார்க்கிறார்.

சென்னையில் 2014-ல் வேட்டி கட்டி வந்த ஒரு உயர்நீதிமன்ற நீதிபதியை ஒரு கிரிக்கெட் கிளப்பில் உள்ளே விடவில்லை. அந்த வருஷமே தமிழ்நாட்டில் அதற்கு எதிராகச் சட்டம் போட்டார்கள். வேட்டிக்காக யாரையும் கிளப்பில் தடுக்க முடியாது. கப்பலுக்கு அந்தச் சட்டம் போகாது, தெரியும். அப்பாவிடம் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

பூச்சோங் பையன்

டீச்சர், பனியன் கேஸை நானும் ஆதரிக்கவில்லை! ஆனால் கோயில் வேறு, சாப்பாட்டுக் கடை வேறு. கெந்திங் கேசினோவில் அந்தக் காலத்தில் டை இல்லாவிட்டால் நீளக்கை பாத்தேக் சட்டையை வாடகைக்கு எடுத்துப் போட்டுக்கொண்டுதான் உள்ளே போக வேண்டும் என்று என் அப்பா சொல்வார். பத்து பேர் போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு என்ன மரியாதை வந்துவிடும்? இப்போது அந்தக் கட்டாயம் இல்லை. யாருக்கும் ஒரு குறையும் வரவில்லை.

செந்தூல் பொண்ணு

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இரவல் கோட்டுக் கதையை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "அந்தக் கோட்டை நான் வாங்கியிருக்கவே மாட்டேன்" என்றார். நீதிபதி கதையை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

அண்ணன் கம்பெனிக்கு எழுதிவிட்டார், பதிலுக்குக் காத்திருக்கிறோம். ஆனாலும் ஜிப்பாவுக்கு மேலே ஒரு கறுப்பு பிளேசராவது போடட்டும் என்று இன்னும் இழுக்கிறார். அப்பா பதிலே சொல்லவில்லை. என் வீட்டுக்காரர் எங்கள் கல்யாண ரிசெப்ஷன் சூட்டை எடுத்துப் பார்த்தார். கோட் சேருகிறது, சிலுவார் இடுப்பில் ஏறவில்லை.

கப்பல்காரர் அண்ணா, அம்மாவின் சேலைக்கு ஒரு வழி சொல்லவில்லையே?

பட்டர்வொர்த் கப்பல்காரன்

மன்னிக்கணும் தங்கச்சி, கதையில் விட்டுவிட்டேன்.

அம்மா தாராளமாகக் காஞ்சிபுரம் கட்டலாம். மலைகளுக்கு நடுவே கடல் நுழைகிற பியோர்டுக்குள் போய்விட்டால் தண்ணீர் குளம்போலக் கிடக்கும். நார்த் சீ தாண்டும்போதுதான் கொஞ்சம் ஆட்டம் இருக்கும். அன்றைக்கு மட்டும் படிக்கட்டு வேண்டாம், லிஃப்டில் போகட்டும். சேலைக் கரை தரையைத் தொடாமல் ஒரு விரல் தூக்கிக் கட்டச் சொல்லுங்கள், குதிகால் செருப்பு வேண்டாம். அந்த உடுப்போடு திறந்த தளத்துக்கு மட்டும் போகாதீர்கள். காற்றுக்கு முந்தானையும் நிற்காது, அப்பாவின் வேட்டியும் நிற்காது. குளிரும் நம் ஊர் ஆளுக்கு ஆகாது, வேட்டிக்குள் ஒரு தெர்மல் போட்டுக்கொண்டால் வெளியே தெரியவா போகிறது?

அப்பாவுக்கு ஒட்டிக்கொள்கிற பட்டை வைத்த வேட்டி வாங்கிக் கொடுங்கள், பை தைத்ததாகப் பார்த்து. கப்பலில் அறைக் கதவு, கடையில் பில், கரையில் இறங்கி ஏறுவது எல்லாம் ஒரே அட்டைதான். வேட்டி மடிப்பில் சொருகி அதைத் தொலைத்துவிட்டு வரவேற்பு மேசையில் வந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். பை இல்லாத வேட்டிதான் என்றால் ஜிப்பாவில் பை இருக்க வேண்டும்.

அயன்பாக்ஸ் கொண்டுபோகாதீர்கள், பெட்டியைச் சோதிக்கும்போதே எடுத்துவிடுவார்கள். குனார்ட்டில் பயணிகளே துவைத்துத் தேய்க்கிற அறை இருக்கிறது, காசு கிடையாது. ஆனால் காலா அன்று சாயங்காலம் அங்கே வரிசை நிற்கும், காலையிலேயே தேய்த்துவிடுங்கள். பிறந்தநாள் என்று ஊதுபத்தி, விளக்கு எதுவும் வேண்டாம், நெருப்பு சம்பந்தப்பட்டது எதையும் அறையில் அனுமதிக்கமாட்டார்கள்.

பெரிய பெட்டிகளைத் துறையிலேயே வாங்கிக்கொள்வார்கள். அறைக்கு வந்து சேர மாலையாகிவிடலாம். சேலை, வேட்டி இரண்டையும் கைப்பெட்டியில் வையுங்கள்.

வீட்டுக்காரருக்கு: சிலுவாரைத் தூக்கிப்போடாதீர்கள். இடுப்பில் உள்ளே துணி விட்டுத்தான் தைத்திருப்பார்கள். பிரித்துத் தைக்க 950 வெள்ளி ஆகாது.