மூன்று டெசிபெல்

மாமா: காலை நடைக்கு டைனோசர் ஜூனியரின் ‘பியாண்ட்’ ஆல்பம் முழுதும் கேட்டேன். 2007இல் வந்தது. இன்னும் அலுக்கவில்லை. பதினொரு பாட்டு, இரண்டு சுற்று கூடுதலாக நடந்துவிட்டேன்.

பெரியம்மா: காலை வணக்கம் 🙏 யார் அது, குழந்தைகள் பாட்டா?

மாமா: இல்லை அக்கா. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ், ஆம்ஹெர்ஸ்ட் ஊர்க்காரர்கள். மூன்றே பேர், ராக் பேண்ட். முதலில் வெறும் ‘டைனோசர்’தான். கிட்டத்தட்ட அதே பேரில் ஏற்கனவே பெரியவர்கள் சிலர் இருந்தார்கள், சண்டைக்கு வந்துவிட்டார்கள். அதனால் வாலில் ஒரு ‘ஜூனியர்’.

அண்ணன்: பிரிந்து சேர்ந்த கோஷ்டிதானே மாமா? இதெல்லாம் கையில் காசு தீர்ந்தால் வருவது. பழைய பாட்டுக்குக் கூட்டம் கத்தும், “அடுத்தது புதுப் பாட்டு” என்றதும் டீ குடிக்கக் கிளம்பிவிடும்.

மாமா: பத்தில் ஒன்பது அப்படித்தான் மாப்பிள்ளை. இது அந்தப் பத்தாவது.

நான்: எதற்குப் பிரிந்தார்களாம்?

மாமா: ஜே மாஸ்கிஸ் கிட்டார், பாட்டு. லூ பார்லோ பேஸ் கிட்டார். மர்ஃப் டிரம்ஸ். மாஸ்கிஸும் பார்லோவும் பள்ளிக்கூட நாளிலேயே வேறொரு பேண்டில் சேர்ந்து வாசித்தவர்கள். அப்போது மாஸ்கிஸ் டிரம்ஸ், பார்லோ கிட்டார். ‘பக்’ ஆல்பம் வந்த 1988 வாக்கில் இருவருக்கும் பேச்சுவார்த்தையே நின்றுபோன மாதிரி. மேடையிலேயே கைகலப்பு நடந்திருக்கிறது. 1989இல் பார்லோவிடம் “பேண்டைக் கலைக்கிறோம்” என்று சொல்லிவிட்டு, வேறு ஆளைச் சேர்த்துக்கொண்டு ஆஸ்திரேலியா கிளம்பிவிட்டார்கள்.

பெரியம்மா: அடப் பாவமே. நீ வேண்டாம் என்று முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே.

மாமா: பார்லோவும் சும்மா இருக்கவில்லை. ஏற்கனவே தனியாக நடத்திக்கொண்டிருந்த செபடோ என்ற பேண்டில் மாஸ்கிஸைப் பாட்டிலேயே வைத்து வாங்கினார். கொஞ்ச வருடத்தில் மர்ஃபும் போனார். 1997இல் கடையை மூடியாயிற்று.

பெரியம்மா: அப்புறம் யார் சேர்த்து வைத்தது?

மாமா: அம்மாதான்.

பெரியம்மா: எந்த அம்மா?

மாமா: பெற்ற அம்மா. 2004இல் பார்லோவின் அம்மா ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்காக நார்தாம்ப்டனில் ஒரு நிதிக் கச்சேரி ஏற்பாடு செய்தார். அதில் இரண்டு பேரும் ஏறி, அந்தப் பள்ளிக்கால பேண்டின் பாட்டு ஒன்றை வாசித்தார்கள். மறு வருடம் பழைய மூன்று ஆல்பமும் மறுபதிப்பாக வந்தது, மூவரும் சேர்ந்து ஊர் சுற்றக் கிளம்பினார்கள். நீ கேட்கும் அம்மாவும் இதில் உண்டு. மாஸ்கிஸ் அமிர்தானந்தமயி பக்தர். 2005இல் அவருக்காகவே ஒரு ஆல்பம் போட்டிருக்கிறார்.

பெரியம்மா: நிஜமாகவா?? நீள முடி, வெள்ளை வெளேரென்று, தோள் வரை?

மாமா: அவரேதான்!

பெரியம்மா: ஆசிரமத்தில் அந்த மாதிரி நூறு பேரைப் பார்த்திருக்கிறேன். இவரும் இருந்தாரோ என்னவோ.

அண்ணன்: பக்தி சரி. ஆல்பத்தில் என்ன இருக்கிறது?

மாமா: முதல் பாட்டு ‘ஆல்மோஸ்ட் ரெடி’ போட்டுப் பார். பாட்டு தொடங்குவதற்கு முன்பே கிட்டார் சோலோ. செருப்பைக் கழற்றாமல் நேராகச் சமையலறைக்குள் வரும் சொந்தக்காரன் மாதிரி. எனக்கு அதுவல்ல பெரிய விஷயம். பார்லோ போன பிறகு வந்த 1991 ஆல்பத்தில் டிரம்ஸ் உட்பட அநேகமாக எல்லாமே மாஸ்கிஸ்தான் வாசித்தார். நல்ல ஆல்பம்தான், ஆனால் கிட்டாரை எதிர்த்து நிற்க ஆளில்லை. ‘பியாண்ட்’டில் பார்லோ பேஸில் ஒற்றை ஒற்றைச் சுரமாக மீட்டிக்கொண்டிருக்கவில்லை, கம்பிகளைச் சேர்த்துக் கார்டாகவே அடிக்கிறார். மர்ஃப் டிரம்ஸில் தச்சு வேலை செய்கிறார். இந்த இரண்டும் கீழேயிருந்து முட்டுவதால்தான் மேலே கிட்டார் அப்படிப் பறக்கிறது. ‘பிக் மீ அப்’ ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும், பாதிக்குப் பிறகு கவனித்துக் கேள். பார்லோ எழுதிப் பாடியதும் இரண்டு பாட்டு இருக்கிறது.

அண்ணன்: கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாடுகிறவர் இப்போதுதான் தூங்கி எழுந்தாரா?

மாமா: அவர் குரலே அதுதான். எழுப்பிவிடத்தான் கிட்டார்.

நான்: மாமா, மூவரும் இப்போதாவது பேசிக்கொள்கிறார்களா?

மாமா: அது நமக்கு எதற்கு? ‘பியாண்ட்’டுக்குப் பிறகு 2021 வரை இன்னும் நான்கு ஆல்பம், அதே மூன்று பேர். முதல் தடவை சேர்ந்திருந்த காலத்தைவிட இந்தத் தடவைதான் அதிகம். 2009இல் ‘ஃபார்ம்’ வந்தபோது ஒரு கூத்து. ஐரோப்பாவில் விற்ற சிடியில் மென்பொருள் கோளாறால் சத்தம் 3 டெசிபெல் கூடிப் பதிவாகிவிட்டது. எல்லாவற்றையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். இவர்கள் கச்சேரிக்கே காதில் பஞ்சு வைத்துக்கொண்டு போக வேண்டும், அதில் மூன்று கூடினால் யாருக்குத் தெரிந்திருக்கும்!

அத்தை: எனக்குத் தெரியும்.

மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

அத்தை: எதை நீக்கினீர்கள்? போன ஞாயிற்றுக்கிழமை இந்த ஆளின் பாட்டில் குக்கர் விசில் காதில் விழவே இல்லை அண்ணி. ஐந்தா ஆறா என்று தெரியாமல் திறந்தால் பருப்பு குழைந்து பாயசமாகிக் கிடக்கிறது.

பெரியம்மா: 😂😂 தம்பி, காதில் மாட்டிக்கொண்டு கேளடா.

அண்ணன்: ‘பிக் மீ அப்’ முடிந்தது. மறுபடி போட்டிருக்கிறேன்.

மாமா: ம்ம்.

பெரியம்மா: அமிர்தபுரி அம்மாவுக்குப் போட்ட ஆல்பத்தின் லிங்க் அனுப்பு. அதிலும் இவ்வளவு சத்தம் இருக்குமா?